மீன் நெஞ்சுக்குள் ஒரு பச்சை விளக்கு

செப்டம்பர் 21, ஞாயிறு

காலையும் மாலையும் பிரஷர் பார்த்து ஒரு டைரியில் குறித்துவர வேண்டும் என்பது இருதய டாக்டரின் உத்தரவு. வெறும் எண்களைக் குறித்துவைத்தால் வருங்காலச் சந்ததிக்கு என்ன லாபம்? ஆகையால், கொங்குநாட்டின் வறண்ட கிணறுகளிலெல்லாம் வெள்ளம் வரவழைத்தவனும், ஓய்வுபெற்ற பம்புசெட் விற்பனைப் பிரதிநிதியும், வெறும் பேச்சிலேயே மோட்டாரை ஓடவைக்கக்கூடியவனுமாகிய நஞ்சப்பன் என்கிற நான், இன்று முதல் என் சரித்திரத்தை எழுதத் தொடங்குகிறேன். பிரஷர் ஓரத்தில் பென்சிலில் இருக்கும். வேண்டியவர் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். கோயம்புத்தூரில் என் அக்கா மகள் தாரணியின் வாடகை வீட்டில் நான் தங்கியிருப்பது அவளுக்குத் துணையாகத்தான். யுனிவர்சிட்டியில் ஆராய்ச்சி செய்கிற பெண், தனியாக இருக்கிறாள். தாய்மாமன் என்று ஒருவன் எதற்கு இருக்கிறான்? ஆஸ்பத்திரி விவகாரம் வேறு. ஆகஸ்டில் என் நெஞ்சுக்குள் குழாய் அடைத்துக்கொண்டது என்று சொல்லி இரண்டு ஸ்பிரிங் வைத்தார்கள். என் இதயம் யானையின் இதயத்தைவிட ஒரு சுற்றுதான் சிறியது என்பது டாக்டரின் அபிப்பிராயம். வாயால் சொல்லவில்லை. முகத்தில் தெரிந்தது.

இன்று தாரணி எனக்கு உப்பில்லாத பருப்புக் கடைந்து, மாத்திரைகளைக் காலை, மதியம், ராத்திரி என்று டப்பாவில் பிரித்துவைத்து, என் வேட்டியையும் துவைத்துப் போட்டாள். துணைக்கு ஆள் இருந்தால் பெண்களுக்கு எவ்வளவு தெம்பு வருகிறது பாருங்கள்.

செப்டம்பர் 23, செவ்வாய்

வீட்டில் தனியாக விடாமல் என்னையும் லேபுக்கு அழைத்துப் போகிறாள். அங்கே என் யோசனைகள் தேவைப்படும் போலிருக்கிறது. வராந்தாவில் எனக்கென்று கைவைத்த நாற்காலி, பக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க். தினமும் நடக்கச் சொன்னதால் வளாகத்தை ஒரு சுற்றுச் சுற்றுகிறேன். மரங்கள் எழுந்து நின்று மரியாதை செய்கின்றன.

இன்று மீன் அறையைப் பார்வையிட்டேன். மீன் என்றால் குழம்பு மீன் இல்லை. வரிக்குதிரை மாதிரி கோடு போட்ட மீன், விரல் நீளம்கூட வராது. அதன் குஞ்சோ தாளித்த கடுகுக்குக் கால் முளைத்த மாதிரி இருக்கும், உடம்பு முழுக்கக் கண்ணாடி. உள்ளே இதயம் அடிப்பது வெளியே தெரியும். முட்டைகளுக்கென்று தனித் தண்ணீர், பூஞ்சை பிடிக்காமலிருக்க அதில் கொஞ்சம் நீல மருந்து. ஒரு பெரிய கேன் நிறையக் கலக்கி வைத்திருக்கிறார்கள். அதிலிருந்துதான் எல்லாக் குஞ்சுக்கும் எடுத்து ஊற்றுகிறார்கள்.

அவள் ஆராய்ச்சியை எனக்குப் புரியும்படி சொல்லச் சொன்னேன். சொன்னாள். நம் உடம்புக்குள் நைட்ரிக் ஆக்சைடு என்று ஒரு வாயு தானாகவே ஊறுகிறதாம். அது இரத்தக் குழாயிடம் போய், கொஞ்சம் இளகு, வழியை விடு என்று தகவல் சொல்லும். சொன்ன கையோடு மாயமாகிவிடும். கண்ணுக்கும் தெரியாது, கையிலும் பிடிபடாது. அதைக் கண்டுபிடிக்கத் தாரணி ஒரு பொருள் செய்திருக்கிறாள். மீன்குஞ்சுக்குள் அனுப்பினால் சும்மா இருட்டாகக் கிடக்கும். அந்த வாயு வந்து தொட்டால் மட்டும், நீல வெளிச்சத்தில் பார்க்கும்போது பச்சையாக ஒளிரும். அதன் பெயர் புரோப் என்றாள். நான் அதற்கு ஒற்றன் என்று பட்டம் சூட்டினேன். எதிரி நாட்டில் ஒளிந்திருந்து, ஆளைக் கண்டதும் பந்தம் கொளுத்திக் காட்டுகிற ஒற்றன்.

என் அக்கா மகள் காற்றுக்கே வேவு பார்க்கிறாள். இந்தக் குடும்பத்தில் என்னைத் தாரணிக்கு மாமனாகப் பிறக்கவைத்த கடவுளுக்கு நன்றி.

செப்டம்பர் 26, வெள்ளி

லேபில் இன்னொரு ஆராய்ச்சியாளர் அப்சல். மைக்ராஸ்கோப்பு அவர் பொறுப்பு. தங்கமான பையன், நான் சொல்வதில் பாதியை நம்புகிறார். அவரிடம்தான் விஷயம் தெரிந்தது. தாரணி எழுதிய கட்டுரையை ஒரு பெரிய பத்திரிகை ஏறக்குறைய ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் அதைப் படித்துப் பார்த்த ஒருவர் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். மீனில் ஒளிர்வது அந்த வாயுவால்தான் என்று எப்படி நம்புவது? வாயு ஊறுவதையே தடுத்துவிட்டால் விளக்கு அணைகிறதா? அணைந்தால் சரி, அணையாவிட்டால் ஒற்றன் பொய்யன். அக்டோபர் பதினேழுக்குள் செய்து காட்ட வேண்டும். இந்தக் கட்டுரை வராவிட்டால் பட்டத்துக்கு ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது. டிசம்பரோடு அவள் பதிவுக் காலமும் முடிகிறது. அப்புறம் அஞ்சு வருஷ உழைப்பும் காற்றோடு காற்று.

கேள்வி எப்போது வந்தது என்று கேட்டேன். ஜூலை கடைசியில் என்றார். அப்படியானால் ஆகஸ்டிலேயே முடித்திருக்கலாமே?

"ஆகஸ்ட்ல அவங்க லேபுக்கே வரலை அங்கிள்" என்றவர், மெஷினை அணைக்காமல் வந்துவிட்டதாகச் சொல்லி உள்ளே போய்விட்டார்.

ஆகஸ்டில் அப்படி என்ன தலை போகிற வேலையோ. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்புப் போதாது.

இன்று இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

செப்டம்பர் 29, திங்கள்

ஒற்றன் தீர்ந்துபோயிருந்தானாம். மூன்று வாரமாகப் புதிதாகச் செய்து இன்று முடித்தாள். ஆரஞ்சு நிறத்தில் ஒரு சிட்டிகைப் பொடி. இதற்கா மூன்று வாரம் என்று கேட்க இருந்தேன், அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. பேராசிரியர் எஸ்தர் மேடம் எல்லோரையும் கூப்பிட்டு, பூஜையைப் பெரியவரே நடத்தட்டும் என்று என்னைக் கைகாட்டினார். என் சபை அது. கம்பெனியில் இருந்த காலத்தில் நான் பொட்டு வைத்த மோட்டார்கள் இன்றைக்கும் பழுதாகாமல் ஓடுகின்றன. சில கிணறே வற்றிய பிறகும் ஓடுகின்றன.

மேடம் ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்.

"ஐயா, மைக்ராஸ்கோப்பு பக்கம் மட்டும் பொடி எதுவும் போக வேண்டாம். லென்ஸ் கெட்டிரும்."

ராஜ வாக்கு. மைக்ராஸ்கோப்புக்கு ஒரு பூ மட்டும் தூரத்தில் வைத்தேன். மற்றபடி ஒருவருக்கும் குறை வைக்கவில்லை. சுழலும் மெஷின், குளிர்பெட்டி, தராசு, கதவு, சுவிட்சு, அப்சலின் மோட்டார்சைக்கிள் எல்லாவற்றுக்கும் மஞ்சள் குழைத்துப் பட்டை போட்டு, நடுவில் குங்குமம் வைத்தேன். பூசணிக்காய் உடைத்த சத்தத்தில் மருதமலையே திரும்பிப் பார்த்தது.

எல்லோரும் பொரியும் சுண்டலும் தின்றுகொண்டிருந்தபோது, மீன்களுக்கு மட்டும் ஒன்றுமே செய்யவில்லையே என்று மனசுக்கு உறுத்தியது. பதினேழாம் தேதிக் காரியமே அவர்கள் கையில்தானே இருக்கிறது. மாவிலையும் மஞ்சள் தண்ணீர்ச் சொம்புமாக மீன் அறைக்குள் போய் அவர்களையும் கவனித்துவிட்டு வந்தேன். மூடி திறந்திருந்ததையெல்லாம் தாராளமாகவே கவனித்தேன். நான் போனது யாருக்கும் தெரியாது. நல்லது செய்வதைத் தம்பட்டம் அடிப்பது என் வழக்கமல்ல.

அக்டோபர் 2, வியாழன்

விடுமுறை. மீந்த பொரியில் மதியச் சாப்பாட்டையே முடித்தோம். வேட்டியில் கை துடைத்த மஞ்சள் போகவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

வெற்றி. மூன்று நாள் வயதுக் குஞ்சுகளுக்குள் ஒற்றனை அனுப்பினார்கள். அப்சல் கணினித் திரையில் காட்டினார். இதயத்தின் வாசலில் மட்டும் புள்ளியாகத் தெரியும் என்று சொன்னார்களே, அதெல்லாம் தன்னடக்கம். மீன் தலை முதல் வால் வரை, பேரூர்த் தேர்த் திருவிழாவுக்குச் சீரியல் பல்பு போட்ட மாதிரி, பச்சைப் பசேல் என்று எரிந்தது. அந்த வெளிச்சத்தில் சூலூர் வரைக்கும் பேப்பர் படிக்கலாம்.

ஓடிப்போய்க் கால்கிலோ ஜாங்கிரி வாங்கிவந்தேன். எனக்கு ஆகாது என்பதால் ஒன்றே ஒன்றுதான் தின்றேன், அதுவும் வழியில்.

தாரணி ஜாங்கிரியைத் தொடவில்லை. நாற்காலியில் சாய்ந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எரியக் கூடாத மீனும் எரியுதுங் மாமா."

வாயுவைத் தடுத்துவைத்த மீன்களும் அதே போலத்தான் எரிகிறதாம். இரண்டும் ஒரே மாதிரி. அப்படியென்றால் ஒற்றன் வாயுவைப் பார்த்துப் பந்தம் கொளுத்தவில்லை, கண்டதையெல்லாம் பார்த்துக் கொளுத்துகிறான். ஜாங்கிரியை வராந்தாவில் எறும்புக்கு வைத்தேன். அதற்கும் வேண்டாம் போல, சுற்றிக்கொண்டு போயிற்று.

அக்டோபர் 8, புதன்

புதுக் குஞ்சுகள். அதே கூத்து.

தாரணி குக்கரில் அரிசி போட்டுத் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டாள். தீய்ந்த வாடை தெருவுக்கே போயிருக்கும். அந்த நிலையிலும் என் மாத்திரை டப்பாவில் மாத்திரை மாறவில்லை. நான் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து, மதியம் படியேறினீர்களா, மூச்சு வாங்கியதா என்று விசாரித்தாள். எனக்கு மூச்சு வாங்குவதா? நான் விட்ட மூச்சில்தான் வால்பாறையில் காற்று அடிக்கிறது என்றேன். சிரிக்கவில்லை. எப்போதும் சிரிப்பாள்.

அக்டோபர் 9, வியாழன்

மறுபடியும் எரிந்தது.

அக்டோபர் 10, வெள்ளி

எஸ்தர் மேடம் வராந்தாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையில் இரண்டு டம்ளர் டீ, எனக்குச் சர்க்கரையில்லாதது. இந்த லேபில் எல்லோருக்கும் என் சர்க்கரை தெரிந்திருக்கிறது.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகத் திங்கட்கிழமை எழுதிவிடலாம் என்று தாரணி சொல்லிவிட்டாளாம். தப்பான ஒன்றை உலகத்தின் முன் வைக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறாளாம். ஒரு மாதம் கூடக் கிடைத்திருந்தால் எங்கே பிசகு என்று நிதானமாகத் தேடியிருக்கலாம் என்றார் மேடம். அப்புறம் தயங்கி, தப்பா நினைக்காதீங்க ஐயா என்று ஆரம்பித்துச் சொன்னார். ஆகஸ்டில் நான் ஐ.சி.யூ.வில் கிடந்தபோது தாரணி வெளியில் பிளாஸ்டிக் நாற்காலியிலேயே இருந்தாளாம். அக்காவுக்கு முட்டிவலி, பெருந்துறையிலிருந்து வந்து தங்க முடியவில்லை. மேடம் பார்க்க வந்த ஒரு நாள், வேறு யாரையாவது மாற்றிவிட்டு லேபுக்கு வா என்று கூப்பிட்டிருக்கிறார்.

"அதுக்கு அவ சொன்னது இதுதான். எங்க மாமா கண்ணு முழிச்சா பேசறதுக்கு ஆள் வேணும் மேடம், இல்லைன்னா நர்ஸுங்க பாவம்."

டீயில் தூசி விழுந்துவிட்டது. கண்ணிலும் விழுந்தது. சாலை போடுகிறார்கள் அல்லவா, அந்தப் பக்கம் தூசி அதிகம்.

அவளுக்குத் துணையாகத்தான் வந்திருக்கிறேன் என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அதை அடிக்கவில்லை. படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும்.

அக்டோபர் 11, சனி

இன்று நடந்ததைப் பொறுமையாக எழுத வேண்டும்.

காலையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தவள் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். புரோப் போடாத மீனை இந்த முறை நான் பார்க்கவே இல்லையே என்று தனக்குத்தானே சொன்னாள். போன வருஷமெல்லாம் அந்தச் சோதனையைப் பலமுறை செய்து, மீன் தன்னால் ஒளிராது என்று நிச்சயமாகிவிட்டதால், அவசரத்தில் இந்த முறை விட்டுவிட்டாளாம். தோசை கருகியது. கிளம்பிவிட்டோம்.

ஒற்றனே உள்ளே போகாத குஞ்சை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். எரிந்தது. தலை முதல் வால் வரை.

அப்சல் வாயைத் திறந்தவர் மூடவில்லை. தாரணி குஞ்சை எடுத்துவிட்டு, அது கிடந்த தண்ணீரை மட்டும் ஒரு சொட்டு வைத்தாள். மங்கலாகத்தான், ஆனால் அதுவும் பச்சை. உடனே ஒரு நீல டார்ச்சையும் ஆரஞ்சுக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு மீன் அறைக்குப் போனாள். வெளிச்சம் வராமல் கதவுத் திரையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். பலசாலி என்பதால் நான் போனேன். எனக்கும் ஒரு கண்ணாடி கொடுத்தாள்.

விளக்கை அணைத்து டார்ச்சை அடித்தாள்.

அந்தக் காட்சியை எழுதக் கம்பனால்கூட முடியுமா தெரியாது. குளிர்பெட்டியின் கதவில் மூன்று பட்டை ஜொலித்தது. சுவிட்சு ஜொலித்தது. தொட்டியின் விளிம்பெல்லாம் சொட்டுச் சொட்டாக நட்சத்திரம். முட்டைத் தண்ணீர்க் கேனின் வாயைச் சுற்றி ஒரு மாலை போட்ட மாதிரிப் பச்சை வளையம். டார்ச்சு மெல்லத் திரும்பி என் பக்கம் வந்து நின்றது. நானும் குனிந்து பார்த்தேன். என் வேட்டியில், தொடைக்கு நேராக, ஐந்து விரலும் துல்லியமாக எரிந்துகொண்டிருந்தது.

தாரணி டார்ச்சை அணைக்காமலே கூப்பிட்டாள்.

"மாமா."

"சொல்லு கண்ணு."

"இந்தக் கேனுக்குள்ளயும் மஞ்சத் தண்ணி தெளிச்சீங்களா?"

என் வாழ்நாளில் ஒரு கேள்விக்கு நான் அலங்காரமில்லாமல் பதில் சொன்னது இன்றைக்குத்தான்.

"தெளிச்சேன் சாமி. மீனுக்கும் ஒரு நல்லது நடக்கட்டும்னு. நெறையாத் தெளிச்சுப்போட்டேன்."

மஞ்சள் நீல வெளிச்சத்தில் தானாகவே பச்சையாக ஒளிருமாம். கொழுப்பில் போய் ஒட்டிக்கொண்டால் இன்னும் அதிகமாக. குஞ்சின் வயிற்றில் இருப்பதெல்லாம் மஞ்சள்கருக் கொழுப்பு. தண்ணீரில் ஏற்கெனவே நீல மருந்து இருந்ததால் மஞ்சள் கலந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. இதையெல்லாம் அவள் அப்சலிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் திரையைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். ஓடிவிடலாம் என்றால், இருட்டில் வேட்டி காட்டிக்கொடுக்கும்.

அப்புறம் விளக்கைப் போட்டாள். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வராமல் தொட்டியைப் பார்த்தேன். விசும்புகிற மாதிரிச் சத்தம் கேட்டது. திரும்பினால் தரையில் உட்கார்ந்து சிரிக்கிறாள். கண்ணில் தண்ணீர் வழிகிறது, சிரிக்கிறாள்.

"என்ர புரோப் பொய் சொல்லலீங் மாமா."

அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது. திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னாள்.

என்னைத் திட்டு கண்ணு, ரெண்டு வார்த்தை திட்டினால்தான் எனக்குச் சோறு இறங்கும் என்று கெஞ்சினேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அஞ்சு வருஷமும் தப்பாப் போச்சுன்னு நெனச்சிட்டு இருந்தனுங். தப்பு தண்ணியிலதான்னு தெரிஞ்சா நான் எதுக்குங் திட்டோணும்? நவுருங், கேனைக் கழுவோணும்."

உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ வரம் வாங்கியிருக்கிறார்கள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், கேனைக் கழுவோணும் என்று சொல்கிற ஒரு பிள்ளை எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கும்?

அக்டோபர் 12, ஞாயிறு

மீன் அறைக்குள் நுழைய எனக்குத் தடை. நியாயமான தீர்ப்பு. வராந்தாக் குழாயடியில் உட்கார்ந்து தட்டுகளையும் மூடிகளையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கொடுத்தேன். உள்ளே தாரணியும் அப்சலும் டார்ச்சு அடித்து அடித்துத் துடைத்தார்கள். நான் எவ்வளவு தாராள மனசுக்காரன் என்பது இன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. கூரையிலிருந்துகூட மஞ்சள் எடுத்தார்கள்.

தேய்த்ததில் கொஞ்சம் மூச்சு வாங்கியது. எனக்கல்ல, சோப்பு நுரைக்கு. நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை ஒன்று வைத்துக்கொண்டேன், அதுவும் நுரைக்குத் துணையாக.

சாயங்காலம் ஆண் மீனையும் பெண் மீனையும் நடுவில் ஒரு தடுப்பு வைத்து ஒரே தொட்டியில் விட்டிருக்கிறார்கள். விடிந்ததும் தடுப்பை எடுத்தால் முட்டை போடுமாம். எங்கள் ஊரில் பெண் பார்க்கிற சடங்குகூட இவ்வளவு ஒழுங்காக நடப்பதில்லை.

அக்டோபர் 13, திங்கள்

முட்டை போட்டுவிட்டன. தம்பதிகள் வாழ்க. புதுத் தண்ணீர், புதுக் கேன். வியாழக்கிழமை பார்த்தாக வேண்டும். வெள்ளிக்கிழமை கெடு. இந்த ஒரு ஈடுதான். இது பிசகினால் இன்னொன்றுக்கு நேரமில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

அவள் சோறு பிசைந்து சாப்பிடுவதைப் பார்த்தேன். பல நாள் கழித்து ருசித்துச் சாப்பிடுகிறாள். அந்தச் சந்தோஷத்தில் ஒரு சந்தேகம் கேட்டேன். இந்த வாயு எனக்குள்ளும் ஊறுகிறதா?

எல்லோருக்குள்ளும் ஊறும் என்றாள். எனக்குக் குழாய் பழுதாகி ஊற்றுக் குறைந்துவிட்டதாம். நாக்குக்கு அடியில் வைக்கிற அந்தக் குட்டி மாத்திரை உடம்புக்குள் போய் இதே வாயுவாகத்தான் மாறுகிறதாம். குழாயைப் போய் இளகச் சொல்கிறதாம். அதனால்தான் வலி விடுகிறது.

நான் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் தண்ணீர் ஏற்றியவன், என் நெஞ்சுக்குள் ஒரு கடுகு மாத்திரை கதவு திறந்துவிட்டுக்கொண்டிருப்பது தெரியாமல் இருந்திருக்கிறேன். அப்படியானால் என்னையும் ஒற்றனில் முக்கி எடுத்தால் எரிவேனா என்று கேட்டேன்.

"உங்களுக்கு மைக்ராஸ்கோப்பு பத்தாதுங் மாமா. செயற்கைக்கோள்தான் வேணும்."

என் அக்கா மகளேதான். வாய் யாரிடமிருந்து வந்தது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் அப்புறம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்த மாத்திரை அடிக்கடி தேவைப்படுகிறதா என்று கேட்டாள். நானா, அந்த டப்பா எங்கே இருக்கிறது என்றே மறந்துவிட்டேன் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள்.

அக்டோபர் 16, வியாழன். மாலை, ஆஸ்பத்திரி வார்டு

பேனாவை நர்ஸிடம் இரவல் வாங்கி எழுதுகிறேன். கையில் ஊசி குத்தியிருப்பதால் எழுத்து சாய்ந்திருக்கும்.

காலையில் லேப் படியில் ஏறும்போது நெஞ்சில் பிடித்தது. தாரணி தட்டுகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டாள். நான் படியிலேயே உட்கார்ந்து, மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டேன். மெல்ல விட்டது. முழுக்க விடவில்லை.

சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தேன். சொன்னால் தட்டுகளை அப்படியே போட்டுவிட்டு என்னை ஆட்டோவில் ஏற்றுவாள். ஆகஸ்டை நான் தின்றுவிட்டேன், மஞ்சளைத் தெளித்து ஒரு வாரத்தைத் தின்றேன். இன்றைக்கு ஒரு காலைப் பொழுதையாவது மிச்சம் வைக்க வேண்டாமா? நாற்காலியில் போய் அசையாமல் உட்கார்ந்தேன். அப்சல் கடந்துபோகும்போது, என்ன அங்கிள் இன்னைக்குச் சத்தத்தையே காணோம் என்றார். தியானம் என்றேன்.

பதினொரு மணி வாக்கில் கதவு திறந்தது. தாரணி வந்து என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். இருட்டறை. திரையில் ஒரு குஞ்சு. உடம்பு முழுக்க இருட்டு. கழுத்துக்குக் கீழே, இதயத்திலிருந்து இரத்தம் வெளியேறுகிற வாசலில், மிளகாய் விதையளவுக்கு ஒரு பச்சைப் புள்ளி. அது துடித்துக்கொண்டிருந்தது. எரிந்து அணைந்து அல்ல, எரிந்தபடியே, ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் அசைந்து அசைந்து.

இது சாதாரண மீன் என்றாள். அடுத்த குஞ்சைக் காட்டினாள். அதே இதயம், அதே துடிப்பு. வாயுவைத் தடுத்த மீன். புள்ளி இல்லை. சுத்தமான இருட்டு. ஒற்றனே போகாத மீன், அதுவும் இருட்டு. எல்லாத் தட்டிலும் அப்படியேதான் என்றார் அப்சல். எஸ்தர் மேடம் தாரணியின் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

அந்தப் புள்ளியை விட்டு என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. எவ்வளவு சின்னது. இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் இருந்தது. எதையும் பெரிதாக்கிச் சொல்லவில்லை.

படங்களெல்லாம் சேமித்தாகிவிட்டதா என்று கேட்டேன். ஆகிவிட்டது என்றாள். அப்புறம்தான் சொன்னேன்.

"அம்மிணி, காத்தால இருந்து நெஞ்சுல கொஞ்சம் வலிக்குது."

ஆயிரம் யானை மிதித்தது என்று சொல்லியிருந்தால் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்திருப்பாள். அவள் என் முகத்தைப் பார்த்தாள். திரையின் பச்சை வெளிச்சம் மட்டும்தான் இருந்தது அறையில்.

"கொஞ்சமுங்களா மாமா?"

"கொஞ்சம்."

மீதிக் கேள்வி எதுவும் கேட்கவில்லை. எஸ்தர் மேடத்தின் காரில் ஏற்றிவிட்டாள். வழி முழுக்க என் மணிக்கட்டில் இருந்த விரலை எடுக்கவேயில்லை. காசுவாலிட்டியில் அதே இருதய டாக்டர். என்னைக் கண்டதும், வாங்க ஐயா, இன்னைக்கு என்ன, இமயமலையா, இந்துமகா சமுத்திரமா என்று சிரித்தார். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் தாரணி முந்திக்கொண்டாள்.

"கொஞ்சம் வலிக்குதுன்னு சொல்றாருங் டாக்டர்."

டாக்டர் சிரிப்பை நிறுத்தினார். பேனாவை வைத்துவிட்டு எழுந்து நேராக என்னிடம் வந்தார்.

அக்டோபர் 17, வெள்ளி

வேறொரு குழாயும் அடைக்கத் தொடங்கியிருந்ததாம். நேற்று ராத்திரியே ஸ்பிரிங் வைத்துவிட்டார்கள். இன்னும் ரெண்டு நாள் கழித்து வந்திருந்தால் பேச்சு வேறாக இருந்திருக்கும் என்று டாக்டர் வெளியில் சொன்னது எனக்குக் கேட்டுவிட்டது. என் காது அப்படி.

தாரணி வார்டில் என் கால்மாட்டில் உட்கார்ந்து, மடியில் கணினியை வைத்துக்கொண்டு, எஸ்தர் மேடத்துடன் போனில் பேசிப் பேசித் திருத்தி, மதியம் கட்டுரையை அனுப்பிவிட்டாள். அனுப்பினேன் என்று என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள். அக்கா போனில் அழுதாள், எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. அப்சல் எல்லோருக்கும் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுவந்தார், எனக்கு மட்டும் இட்லி.

நன்றி சொல்ல நினைத்தேன். பெரிய நன்றியாக. மீன்களுக்கு, அந்தப் பச்சைப் புள்ளிக்கு, எஸ்தர் மேடத்தின் சர்க்கரையில்லாத டீக்கு, கேட்டதும் எழுந்துவந்த டாக்டருக்கு, எல்லோருக்கும் மேலாக இவளுக்கு. ஏழு கடலையும் மையாக்கி எழுதினாலும் போதாத அளவுக்கு ஒரு சொற்பொழிவு மனசுக்குள் தயாராக இருந்தது. தொண்டையைச் செருமினேன்.

அவள் கணினியை மூடிவிட்டு, போர்வையை என் தோள்வரை இழுத்துவிட்டாள்.

"கொஞ்ச நேரம் பேசாமப் படுங் மாமா."

படுத்துக்கொண்டேன்.